உளவியல் ஆய்வுக்கான நூலக வளங்களைத் தேடிக் கண்டடைதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

தூக்கம் மறதியைக் குறைக்கிறதா என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்தில் சோதித்த முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்றை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி இதழில் வெளியிட்டார்கள். இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. ஆனால் அதன் தலைப்பில் நினைவைக் குறிக்கும் ‘மெமரி’ என்ற சொல் இல்லை. மறதியைக் குறிக்க அவர்கள் எடுத்தாண்ட ‘அப்லிவிசென்ஸ்’ என்ற சொல்தான் இருக்கிறது. இன்று ஒரு மாணவர் ‘மெமரி’, ‘ஸ்லீப்’ என்ற இரு சொற்களையும் தலைப்பில் தேடினால், தம் துறையின் வேர்களுள் ஒன்றான அந்தக் கட்டுரை அவர் கண்ணில் படவே படாது.

உளவியலில் நூலகத் தேடல் ஏன் தனிப் பயிற்சி வேண்டுகிற வேலையாக இருக்கிறது என்பதை இந்த ஒரு செய்தியே காட்டுகிறது. நாம் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுகிறோமோ அந்தச் சொல்தான் எந்த ஆய்வுகள் நம் பார்வைக்கு வரும், எவை வராமலே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி தரவுத்தளங்களின் பெயர்ப்பட்டியலாக இல்லாமல், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதைத் தொடக்கம் முதல் கடைசிவரை பின்தொடர்ந்து செல்கிறது. கேள்வி இதுதான்: இரவுத் தூக்கம் குறைவது வளரிளம் பருவத்தினரின் நினைவாற்றலை எவ்வாறு பாதிக்கிறது?

முதல் படி: கேள்வியைத் துண்டுகளாகப் பிரித்தல்

தேடல் பெட்டியில் முழுக் கேள்வியையும் தட்டச்சு செய்வது பலரும் செய்யும் முதல் தவறு. கேள்வியைத் தாளில் எழுதி அதன் கருத்துகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். நம் கேள்வியில் மூன்று கருத்துகள் உள்ளன: தூக்கக் குறைவு, வளரிளம் பருவத்தினர், நினைவாற்றல். ‘பாதிக்கிறது’, ‘எவ்வாறு’ போன்ற சொற்களைத் தேடலில் சேர்க்க வேண்டியதில்லை. அவை எல்லாக் கட்டுரைகளுக்கும் பொதுவானவை, எதையும் வடிகட்டித் தரமாட்டா. சிகிச்சை தொடர்பான ஆய்வாக இருந்தால் யாருக்கு, என்ன தலையீடு, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று நான்காகப் பிரிக்கும் மருத்துவத் துறையின் வழக்கத்தைப் பின்பற்றலாம். அனுபவம் சார்ந்த பண்புநிலை ஆய்வுகளுக்கு அந்த நான்கு பெட்டிகள் பொருந்தி வராததால், அவற்றில் வலிந்து திணிக்க முயல வேண்டாம்.

இரண்டாம் படி: சொற்களைத் திரட்டுதல்

அதிக நேரத்தை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வு மாணவர்களோடு அமர்ந்து தேடிய நாட்களில், ‘இந்தத் தலைப்பில் ஆய்வுகளே இல்லை’ என்று சோர்ந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் உண்மையில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தேடிவிட்டு வந்தவர்களாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆய்வுகள் இருந்தன, அவை வேறு பெயரில் இருந்தன.

ஒரே பெயரைச் சூடிய இரு வேறு பொருள்களை ஒன்றென்று கருதும் பிழை உளவியலில் உண்டு. வேறு வேறு பெயர் பெற்ற ஒரே பொருளை இரண்டென்று கருதும் பிழையும் உண்டு. முதலாவதை ‘ஜிங்கிள்’ என்றும் இரண்டாவதை ‘ஜாங்கிள்’ என்றும் குறிப்பிடுவார்கள். இரண்டாவதற்கு அப்பெயரை 1927ஆம் ஆண்டில் சூட்டியவர் ட்ரூமன் கெல்லி. ஏறத்தாழ நூறாண்டு கடந்தும் நிலைமை மாறவில்லை. ‘கிரிட்’ (விடாமுயற்சி) என்று ஒரு குழுவினர் அளப்பதையும் ‘கான்ஷியன்ஷியஸ்னஸ்’ (பொறுப்புணர்வு) என்று மற்றொரு குழுவினர் அளப்பதையும் எவ்வளவு தூரம் வேறுபடுத்த முடியும் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. இவற்றுள் ஒரு சொல்லை மட்டும் தேடுகிறவர், தம்மை அறியாமலே அந்த விவாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

நம் கேள்விக்குத் திரும்புவோம். தூக்கக் குறைவு என்ற கருத்துக்கு ‘ஸ்லீப் டிப்ரிவேஷன்’, ‘ஸ்லீப் ரெஸ்ட்ரிக்‌ஷன்’, ‘ஸ்லீப் லாஸ்’, ‘இன்சஃபிஷியன்ட் ஸ்லீப்’, ‘ஷார்ட் ஸ்லீப்’, ‘ஸ்லீப் டியூரேஷன்’ எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை முற்றிலும் ஒரே பொருள் தருபவை அல்ல. டிப்ரிவேஷன் என்பது பெரும்பாலும் ஒரு முழு இரவு விழித்திருக்கச் செய்யும் சோதனையைக் குறிக்கும். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்பது பல இரவுகளில் தூங்கும் நேரத்தைக் குறைப்பதைக் குறிக்கும். ‘இன்சோம்னியா’ என்பதோ தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராத கோளாறு. முதல் இரண்டும் நமக்கு வேண்டும்; மூன்றாவது வேண்டுமா என்பதை நாமே முடிவுசெய்து, அந்த முடிவுக்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

நினைவாற்றலின் பக்கம் இன்னும் நெருக்கடியானது. ‘ஒர்க்கிங் மெமரி’, ‘டிக்ளரேட்டிவ் மெமரி’, ‘எபிசோடிக் மெமரி’, ‘ரீகால்’, ‘ரெகக்னிஷன்’, ‘ரிட்டென்ஷன்’, ‘ஃபர்கெட்டிங்’, ‘மெமரி கன்சாலிடேஷன்’ ஆகியவற்றுள் எது தலைப்பில் நிற்கும் என்பதை ஆய்வாளரின் மரபு தீர்மானிக்கிறது. எனவே எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத் தரவுத்தளங்களில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. ‘கவலை’ என்ற நம் சொல் ஆங்கிலத்தின் வொர்ரி, ஆங்ஸைட்டி, சாட்னஸ் ஆகிய மூன்றின் மீதும் படர்கிறது. உளவியல் இம்மூன்றையும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கிறது. ‘மன அழுத்தம்’ என்பதைச் சிலர் ஸ்ட்ரெஸ் என்ற பொருளிலும் சிலர் டிப்ரஷன் என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். உங்கள் மனத்தில் தமிழ்ச் சொல்லாக இருக்கும் கருத்து ஆங்கிலக் கலைச்சொற்களில் எதைக் குறிக்கிறது என்பதைத் தேடலுக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே வெளிவந்த ஆய்வுகளைத் தேடும்போது இதே வேலையை எதிர்த்திசையில் செய்ய வேண்டும்: ஒரே ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு வழங்கும் எல்லாத் தமிழாக்கங்களையும், ஒலிபெயர்ப்பு வடிவங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

காலமும் சொற்களை மாற்றுகிறது. போர்க்கால உளக்காயத்துக்கு முதல் உலகப்போரின்போது ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் இருந்தது. ‘போஸ்ட் டிராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’ என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. ‘மல்ட்டிபிள் பர்சனாலிட்டி’ 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் ‘டிஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ ஆனது. ஆஸ்பெர்கர் என்ற தனிப் பிரிவு 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டிஸ நிறமாலைக்குள் அடங்கிவிட்டது. இன்று நாம் பேசவே தயங்கும், புண்படுத்தும் சொற்கள் சில பழைய கட்டுரைகளின் தலைப்புகளில் இருக்கின்றன. வரலாற்று நோக்கில் தேடுகிறவர் அச்சொற்களையும் தேடல் பெட்டியில் இடத்தான் வேண்டும். தம் எழுத்தில் அவற்றைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நூலகரிடமும் அடுக்குகளிடமும் செல்லுதல்

திரட்டிய சொற்பட்டியலோடு துறை நூலகரைச் சந்தியுங்கள். பட்டியல் கையில் இருந்தால், ‘உளவியல் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன’ என்ற கேள்வியிலிருந்து ‘இந்த மூன்று கருத்துகளுக்கும் என் சொற்களில் எது விடுபட்டிருக்கிறது’ என்ற கேள்விக்கு உரையாடல் உடனே நகர்ந்துவிடும். எந்தத் தரவுத்தளங்களுக்கு நூலகம் சந்தா செலுத்துகிறது, வீட்டிலிருந்து அவற்றை அடைய என்ன கடவுச்சொல் வழி இருக்கிறது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சு நூல்களைத் தேடும்போது உளவியல் ஒரே அடுக்கில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டியூவி தசம வகைப்பாட்டில் உளவியலுக்கு 150 என்ற எண் உரியது. ஆனால் நம் கேள்விக்கான நூல்கள் நினைவாற்றலுக்காக 153.1இலும், தூக்கத்துக்காக 154.6இலும், இளையோர் உளவியலுக்காக 155.5இலும், நரம்பு மண்டலத்தின் இயக்கத்துக்காக 612.8இலும் சிதறிக் கிடக்கும். மனநோய்கள் 616.89இல் மருத்துவத்தோடும், சமூக உளவியல் 302இல் சமூகவியலோடும், கல்வி உளவியல் 370.15இல் கல்வியியலோடும் நிற்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலக வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் பி.எஃப். என்ற எழுத்துகள் உளவியலைக் குறிக்கும்; மனநல மருத்துவம் ஆர்.சி. பிரிவில் இருக்கும். நூற்பட்டியலில் ஏற்ற நூல் ஒன்று கிடைத்ததும் அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். வேறு வேறு எண்களில் சிதறிய நூல்களை அது ஒரே பக்கத்தில் கூட்டித் தரும்.

நான்காம் படி: பார்வை நூல்களிலிருந்து தொடங்குதல்

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குள் குதிப்பதற்கு முன் ஓரிரு நாட்கள் கலைக்களஞ்சியங்களிலும் கைநூல்களிலும் செலவழிப்பது பின்னர் பல வாரங்களை மிச்சப்படுத்தும். 1950ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ஆனுவல் ரிவ்யூ ஆஃப் சைக்காலஜி, ஒவ்வொரு தலைப்பையும் அத்துறை வல்லுநர் ஒருவரைக் கொண்டு தொகுத்துரைக்கச் செய்கிறது. 1904ஆம் ஆண்டில் தொடங்கிய சைக்காலஜிக்கல் புல்லட்டின் இதழும் திறனாய்வுக் கட்டுரைகளுக்கும், பல ஆய்வுகளின் எண்முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் மெட்டா பகுப்பாய்வுகளுக்கும் பெயர்பெற்றது. இவற்றைப் படிக்கும்போது முடிவுகளை மட்டும் பார்க்காமல், ஆசிரியர் பயன்படுத்தும் கலைச்சொற்களையும் மீண்டும் மீண்டும் வரும் பெயர்களையும் குறித்துக்கொண்டு உங்கள் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: தரவுத்தளங்களைத் தேர்ந்தெடுத்தல்

உளவியலுக்கான முதன்மைத் தரவுத்தளம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்இன்ஃபோ. 1927ஆம் ஆண்டில் சைக்காலஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற அச்சுத் தொகுப்பாகத் தொடங்கிய சுருக்கப் பணியின் தொடர்ச்சி இது. அந்த அச்சு வடிவம் 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. சைக்இன்ஃபோவில் கிடைப்பது பெரும்பாலும் கட்டுரையின் விவரமும் சுருக்கமும்தான். அதே சங்கத்தின் இதழ்க் கட்டுரைகளை முழுமையாகத் தருவது சைக்ஆர்ட்டிகிள்ஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டு, முழுக் கட்டுரை கிடைப்பவற்றை மட்டும் காட்டுமாறு முதலிலேயே வடிகட்டிவிட்டால், நூலகம் சந்தா செலுத்தாத இதழ்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தப் பெட்டியைத் தேடலின்போது ஒருபோதும் சொடுக்க வேண்டாம்.

சைக்இன்ஃபோவின் உண்மையான பலம் அதன் துணைப் புலங்களில் இருக்கிறது. ஆய்வில் பங்கேற்றவர்களின் வயதுப் பிரிவு, அவர்கள் மனிதர்களா விலங்குகளா என்பது, ஆய்வு முறை நீள்காலத்ததா, சோதனையா, மெட்டா பகுப்பாய்வா என்பது ஆகியவையெல்லாம் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். நம் கேள்விக்கு இது பெரிய வரம். தூக்கமும் நினைவாற்றலும் பற்றிய ஆய்வுகளில் கணிசமானவை எலிகளைக் கொண்டு செய்யப்பட்டவை என்பதால், மனிதர் என்ற ஒரே வரம்பு குவியலை வெகுவாகக் குறைத்துவிடும்.

பப்மெட் கட்டணமற்றது, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. நரம்பியல், மனநல மருத்துவம், உடல்நலம் ஆகியவற்றைத் தொடும் எந்த உளவியல் கேள்விக்கும் அது இன்றியமையாதது. கவனியுங்கள்: வளரிளம் பருவம் என்பதை சைக்இன்ஃபோ 13 முதல் 17 வயது வரை என்று வரையறுக்க, பப்மெட்டின் மெஷ் என்ற கலைச்சொற்றொகுதி 13 முதல் 18 வரை என்று வரையறுக்கிறது. இரண்டிலும் ஒரே வடிகட்டியைப் பயன்படுத்தியதாக எண்ணிக்கொண்டு வேறு வேறு வயதினரைத் தேடிய கதை இப்படித்தான் நிகழ்கிறது.

பள்ளி, கற்றல், ஆசிரியர் ஆகியவற்றைத் தொடும் கேள்விகளுக்கு எரிக் என்ற கல்வியியல் தரவுத்தளம் உண்டு, அதுவும் கட்டணமற்றது. வெப் ஆஃப் சயின்ஸ், 2004ஆம் ஆண்டில் வந்த ஸ்கோபஸ் ஆகிய இரண்டும் பல துறைகளைத் தழுவியவை. மேற்கோள்களைப் பின்தொடர்வதற்கு ஏற்றவை. சிகிச்சைகளின் பயனை ஆராய்ந்த முறைசார் திறனாய்வுகளுக்கு, அதாவது முன்கூட்டி வகுத்த முறைப்படி ஆய்வுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைகளுக்கு, காக்ரேன் நூலகத்தை முதலில் பாருங்கள்.

2004ஆம் ஆண்டில் தொடங்கிய கூகுள் ஸ்காலரைப் பற்றி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். தொடக்கநிலை உலாவுக்கும், தலைப்பு தெரிந்த ஒரு கட்டுரையைப் பிடிப்பதற்கும், ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும் கண்டெடுப்பதற்கும் அது மிக நல்லது. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட கலைச்சொற்றொகுதி அதில் கிடையாது; எத்தனை லட்சம் முடிவுகள் இருப்பதாகச் சொன்னாலும் முதல் 1000க்கு மேல் காட்டாது; இன்று கிடைத்த வரிசை அடுத்த மாதமும் அப்படியே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவே அதைத் துணையாகக் கொள்ளுங்கள். முறைசார் திறனாய்வு எழுதுகிறவர் அதை மட்டுமே நம்பக் கூடாது.

ஆறாம் படி: தேடல் கோவையைக் கட்டுதல்

ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இரண்டு வழியாகத் தேட வேண்டும். ஒன்று, ஆசிரியர்கள் தலைப்பிலும் சுருக்கத்திலும் தாங்களே எழுதிய சொற்களைத் தேடுவது. மற்றொன்று, அட்டவணையாக்குநர்கள் கட்டுரையைப் படித்து அதற்கு இட்ட தரப்படுத்தப்பட்ட சொற்களைத் தேடுவது. அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கென ஒரு கலைச்சொற்றொகுதியை 1974ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டு வருகிறது. அதுதான் சைக்இன்ஃபோவுக்குள் ‘தெசாரஸ்’ என்ற பொத்தானாக இருக்கிறது. அதைத் திறந்து ‘ஸ்லீப் டிப்ரிவேஷன்’ என்று இட்டால், அச்சொல்லின் விளக்கம், அதைவிட விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொற்கள், அது எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டது என்ற விவரம் ஆகியவை கிடைக்கும். சேர்க்கப்பட்ட ஆண்டை அலட்சியப்படுத்த வேண்டாம். அதற்கு முந்தைய கட்டுரைகள் வேறு சொல்லின்கீழ் அட்டவணையாகியிருக்கக் கூடும்.

தரப்படுத்திய சொல் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். அண்மையில் வந்த கட்டுரைகள் அட்டவணையாவதற்குக் காலம் பிடிக்கலாம். அட்டவணையாக்குநர் உங்கள் கருத்தைக் கட்டுரையின் முதன்மைப் பொருளாகக் கருதாமலும் விட்டிருக்கலாம். எனவே இரு வழிகளையும் ‘ஆர்’ (அல்லது) என்ற இணைப்புச் சொல்லால் சேர்க்க வேண்டும்.

தேடல் பெட்டியில் இடும் சொற்களின் தொடரான கோவையைக் கட்டும் விதம் எளிது. தூக்கக் குறைவைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் ‘ஆர்’ கொண்டு இணைத்து ஓர் அடைப்புக்குறிக்குள் இடுங்கள். நினைவாற்றலுக்கு ஓர் அடைப்பு, வளரிளம் பருவத்தினருக்கு ஓர் அடைப்பு. பிறகு மூன்று அடைப்புகளையும் ‘ஆண்ட்’ (மற்றும்) கொண்டு இணையுங்கள். இரு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள்குறிக்குள் இடுங்கள். ‘அடோலசன்ஸ்’, ‘அடோலசன்ட்’ போன்று முடிவு மட்டும் மாறும் சொற்களுக்குப் பொதுவான முற்பகுதியைத் தட்டி இறுதியில் உடுக்குறி (*) இட்டால் இரண்டும் கிடைக்கும். உடுக்குறியை மிகவும் முன்னதாக இட்டுவிட வேண்டாம். ‘அடோ’ (ado) என்ற பகுதிக்குப் பின் உடுக்குறி இட்டால் அடோலசன்ட் வருவது போலவே அடாப்ஷன் (adoption) போன்ற தொடர்பற்ற வேறு சொற்களும் வந்து குவியும்.

‘நாட்’ என்ற நீக்கும் சொல்லைப் பயன்படுத்த நான் பெரும்பாலும் அறிவுறுத்துவதில்லை. முதியவர்களை விலக்க நினைத்து அவர்களைக் குறிக்கும் சொல்லை நீக்கினால், முதியவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் ஒப்பிட்ட, நமக்கு மிகத் தேவையான கட்டுரையும் சேர்ந்தே போய்விடும்.

மூன்று கருத்துகளையும் தனித்தனி வரியாக இயக்கி, ஒவ்வொன்றும் எத்தனை முடிவுகள் தருகிறது என்று பார்த்துவிட்டு, பின்னர் இணைப்பதே நல்ல பழக்கம். முடிவுகள் ஐந்தாறுதான் வந்தால் பெரும்பாலும் மூன்றாவது கருத்தின் சொற்கள் போதவில்லை என்று பொருள். பல ஆயிரம் வந்தால் எழுத்துப் பிழையோ விடுபட்ட அடைப்புக்குறியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோவை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று விரும்புகிறேன். உங்கள் கேள்விக்குக் கட்டாயம் தேவையானவை என்று உங்கள் ஆய்வு நெறியாளரோடு கலந்து முடிவுசெய்த பத்துக் கட்டுரைகளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கோவையை இயக்கிய பின் அந்தப் பத்தும் முடிவுகளுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏழுதான் இருந்தால், விடுபட்ட மூன்றின் பதிவுகளைத் திறந்து அவற்றின் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள எந்தச் சொல் உங்கள் பட்டியலில் இல்லை என்று கண்டு சேருங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் திருத்திய கோவை வலுவானதாக மாறிவிடும்.

ஏழாம் படி: மேற்கோள்களைப் பின்தொடர்தல்

எவ்வளவு நன்றாகக் கட்டிய கோவையும் 1924ஆம் ஆண்டின் அந்த ‘அப்லிவிசென்ஸ்’ கட்டுரையைப் பிடிக்காது. அதைப் பிடிப்பவை மேற்கோள்கள். கையிலுள்ள நல்ல கட்டுரையின் துணைநூற்பட்டியலைப் படித்தால் காலத்தில் பின்னோக்கிச் செல்லலாம். அதே கட்டுரையைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தால் முன்னோக்கி வரலாம். இந்த இரண்டாவது வசதிக்கு அடித்தளமிட்டவர் யூஜின் கார்ஃபீல்ட். அவர் 1964ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையும், 1973ஆம் ஆண்டில் தொடர்ந்த சமூக அறிவியல் மேற்கோள் அட்டவணையும்தான் இன்று வெப் ஆஃப் சயின்ஸாக நிற்கின்றன. ஸ்கோபஸிலும் கூகுள் ஸ்காலரிலும் இதே வசதி உண்டு.

எட்டாம் படி: அளவுகோல்களைத் தேடுதல்

உளவியலில் தனி முக்கியத்துவம் பெறும் படி இது. தூக்கம், மனச்சோர்வு போன்றவற்றை அளக்கும் வினாத்தாள் ஒன்று இல்லாமல் பல ஆய்வுகள் நகர்வதில்லை. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பிரதியை எடுத்துப் பயன்படுத்துவது மூன்று வகையில் ஆபத்தானது: வினாக்கள் சில விடுபட்டிருக்கலாம், மதிப்பெண் இடும் முறை தவறாக இருக்கலாம், பயன்படுத்த உரிமை இல்லாமலும் இருக்கலாம்.

ஆஸ்கர் பியூரோஸ் 1938ஆம் ஆண்டில் தொடங்கிய மென்ட்டல் மெஷர்மென்ட்ஸ் இயர்புக், விற்பனையில் உள்ள சோதனைகளைப் பற்றிய வல்லுநர் திறனாய்வுகளைத் தருகிறது. அங்கு சோதனையின் பிரதி கிடைக்காது, அதன் தரம் பற்றிய மதிப்பீடு கிடைக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்டெஸ்ட்ஸ், ஆய்விதழ்களில் வந்த அளவுகோல்களைப் பற்றிய விவரங்களையும் பல வேளைகளில் வினாக்களையுமே தருகிறது. இவை இரண்டும் கிடைக்காத இடத்தில், அளவுகோல் முதன்முதலில் வெளியான கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள். தூக்கத்தின் தரத்தை அளக்கும் பிட்ஸ்பர்க் குறியீடு 1989ஆம் ஆண்டில் வந்தது. கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி 19 வினாக்களைப் பங்கேற்பாளரிடமே கேட்டு ஏழு கூறுகளாக மதிப்பெண் இடுகிறது. ஒரே ஓர் இரவின் தூக்கக் குறைவை ஆராய்கிறவருக்கு அது பொருந்தாது என்பது மூலக் கட்டுரையைப் படித்தாலே தெளிவாகிவிடும்.

உரிமை நிலை அளவுகோலுக்கு அளவுகோல் மாறும். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ. 9 வினாத்தாளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பெக் மனச்சோர்வு அட்டவணை விலைக்கு விற்கப்படுவது, உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். வேறு மொழி பேசுவோரிடம் ஆய்வு செய்வதானால், அளவுகோலின் பெயரோடு மொழியின் பெயரையும், ‘வேலிடேஷன்’, ‘சைக்கோமெட்ரிக்’ என்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்ட வடிவம் ஏற்கெனவே இருந்தால், நீங்களே மொழிபெயர்க்கும் பெரும் உழைப்பும் பிழையும் தவிரும்.

ஒன்பதாம் படி: முழுக் கட்டுரையைப் பெறுதல்

நூலகத்தின் இணைப்புப் பொத்தான் முதல் வழி. அது பயன் தராவிட்டால் கட்டுரைக்கு உரிய நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொண்டு அன்பேவால் கருவியில் பாருங்கள். ஆசிரியர் சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி எங்காவது இருந்தால் அது காட்டும். மருத்துவம் சார்ந்தவற்றை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் முழுமையாகப் படிக்கலாம். பழைய இதழ்களுக்கு ஜேஸ்டோர் நல்ல இடம்; ஆனால் பல இதழ்களின் அண்மைய சில ஆண்டுகள் அதில் இருக்காது. உளவியல் முன்பதிப்புகளுக்கு 2016ஆம் ஆண்டில் வந்த சைஆர்க்கைவ் உண்டு. அங்குள்ளவை சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடக்காதவையாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். எதுவும் கிடைக்காதபோது நூலகங்களுக்கிடையேயான இரவல் சேவையைக் கேளுங்கள். இந்தச் சேவை இருப்பதே தெரியாமல் பலர் நல்ல கட்டுரைகளைக் கைவிட்டிருக்கிறார்கள். தொடர்பாசிரியருக்கு மரியாதையோடு ஒரு மின்னஞ்சல் எழுதினாலும் பெரும்பாலும் பிரதி வந்து சேரும்.

பத்தாம் படி: கிடைத்ததைச் சரிபார்த்தல்

பாடநூலில் படித்த ஆய்வை மூலத்தில் படிக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். வாட்சனும் ரேய்னரும் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘லிட்டில் ஆல்பர்ட்’ என்று அறியப்படும் குழந்தையின் மீதான அச்சச் சோதனையைப் பாடநூல்கள் எப்படியெல்லாம் மாற்றிச் சொல்லி வந்தன என்பதை பென் ஹாரிஸ் 1979ஆம் ஆண்டில் அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட் இதழில் விரிவாகக் காட்டினார். குழந்தையின் அச்சம் பின்னர் போக்கப்பட்டது என்று சில பாடநூல்கள் எழுதின. அப்படி எதுவும் நடக்கவில்லை, அதற்கு முன்பே குழந்தை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுவிட்டது. மூலக் கட்டுரையே இதைச் சொல்கிறது.

மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடெரிக் ஸ்டாபல் தரவுகளை இட்டுக்கட்டியது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த பின் அவருடைய 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நூலக அடுக்கிலுள்ள அச்சு இதழில் அவை இன்றும் பழைய வடிவிலேயே இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடினால் இது உடனே தெரியும்; ஸோட்டீரோ என்ற கட்டணமற்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளும் அத்தகைய கட்டுரைகளைத் தானாகவே எச்சரித்துக் காட்டும்.

திரும்பப் பெறப்படாத கட்டுரையும் மறுசோதனையில் நிற்காமல் போகலாம். 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த கூட்டுமுயற்சி ஒன்று 2015ஆம் ஆண்டில் சயின்ஸ் இதழில் வெளியானது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்திருக்க, மறுசோதனைகளில் 36 விழுக்காடுதான் அப்படித் தந்தன. ஆகவே முக்கியமான ஒவ்வொரு கண்டுபிடிப்பின் பெயரோடும் ‘ரெப்ளிகேஷன்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒரு முறை தேடுங்கள். எதிர்மறை முடிவுகள் இதழ்களில் வராமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும் சிக்கலை ராபர்ட் ரோசென்தால் 1979ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவற்றைத் தேட வேண்டிய இடங்கள் ஆய்வேட்டுத் தரவுத்தளங்களும், ஆய்வுத் திட்டத்தை ஆய்வுக்கு முன்பே பதிந்து வைக்கும் முன்பதிவுத் தளங்களும்.

பதினோராம் படி: தேடலைப் பதிவுசெய்தல்

எந்தத் தரவுத்தளம், எந்த நாள், தட்டிய கோவை எழுத்துப் பிசகாமல், இட்ட வரம்புகள், வந்த முடிவுகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் தேடிய அன்றே ஒரு விரிதாளில் எழுதுங்கள். ஒரு முறை இதை நான் தள்ளிப்போட்டு, மூன்று மாதம் கழித்து அதே எண்ணிக்கையை மீண்டும் பெற முயன்று ஒரு வாரம் போனது. தரவுத்தளம் அதற்குள் வளர்ந்துவிட்டதால் அந்த எண் திரும்ப வரவே இல்லை. முறைசார் திறனாய்வு எழுதுகிறவர்களுக்கு, அறிக்கையில் எவை இடம்பெற வேண்டும் என்று சொல்லும் 27 கூறுகள் கொண்ட பிரிஸ்மா பட்டியல் உண்டு; அதன் இன்றைய வடிவம் 2020ஆம் ஆண்டுக்குரியது. தேடலை அறிக்கையிடுவதற்கு மட்டும் பிரிஸ்மா எஸ் என்ற 16 கூறுகள் கொண்ட துணைப் பட்டியல் 2021ஆம் ஆண்டில் வந்தது. திட்டத்தை முன்பதிவு செய்ய உடல்நலம் தொடர்பான தலைப்பானால் ப்ராஸ்பெரோ என்ற திறனாய்வுப் பதிவேட்டை நாடலாம். உடல்நல விளைவு எதுவும் இல்லாத அறிதல் ஆய்வுகளை அது ஏற்பதில்லை என்பதால் அவற்றுக்கு ஓ.எஸ்.எஃப். (ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்) தளமே உரிய இடம்.

எப்போது நிறுத்துவது

புதிய சொற்களைச் சேர்த்தும் புதிய பொருத்தமான கட்டுரை வராதபோது, மேற்கோள்களைப் பின்தொடர்ந்தால் ஏற்கெனவே கையிலிருப்பவற்றிடமே திரும்பத் திரும்ப வந்து சேரும்போது, அந்தச் சோதனைப் பத்தும் எல்லாக் கோவைகளிலும் தவறாமல் கிடைக்கும்போது தேடலை நிறுத்திவிட்டுப் படிக்கத் தொடங்கலாம். நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் கோவையைச் சேமித்து, புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் அறிவிப்பை இயக்கி வையுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பாக, சேமித்த கோவைகளைக் கடைசித் தேடல் நாளிலிருந்து அன்றுவரை மீண்டும் ஒரு முறை இயக்கி, அந்த நாளையும் விரிதாளில் எழுதுங்கள்.